மேஸ்திரியின் மேப்பிள் தூண்

ஓனுகி தெய்சோவுக்குக் கோணல் ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குத் தூசி ஆகாது, இவருக்குக் கோணல். என் மதுக்கடைக்குள் நுழைந்தால் புட்டி கேட்பதற்கு முன்னால் அலமாரியைத்தான் பார்ப்பார். "கமியமா, மூணாவது பலகை இடது பக்கம் இறங்கியிருக்கு" என்பார். நூடுல்ஸ் கடையில் பக்கத்து மேசைக்காரர் வைத்துவிட்டுப் போன குச்சிகளை நேராக்காமல் தன் கிண்ணத்தைத் தொட மாட்டார். ஒரு சாவு வீட்டில் பிக்கு மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய், சரிந்திருந்த இறந்தவரின் படத்தை நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிக்குவே ஒரு மூச்சு நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்த எனக்கு மானம் போயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அவர் உயிரோட இருந்தப்ப நேராத்தான் நின்னாரு" என்றார்.

தொழில் தச்சு. எங்கள் ஊர் கனுமாவிலும் சுற்றுவட்டாரத்திலும் நாற்பது வருஷம் வீடு கட்டியவர். அவர் கட்டிய வீட்டுத் தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். ஊரில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான்.

எங்கள் ஊர் மண் விற்கிற ஊர். தோண்டினால் வருகிற மஞ்சள் மண்ணைப் பையில் கட்டி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். அந்த மண் சாத்சுகி பூச்செடிக்கு உயிர் என்பதால் வீட்டுக்கு வீடு தொட்டியில் குறுக்கி வளர்க்கிற சாத்சுகி போன்சாய்தான். சாத்சுகி வைத்திருக்காதவனை ஊரில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். அப்படி ஒரு மாதிரியாகப் பார்க்கப்பட்ட பதினெட்டுப் பேர், மேப்பிளும் மற்ற இலை மரங்களும் வளர்ப்பவர்கள், சேர்ந்து ஒரு சின்னச் சங்கம் வைத்திருக்கிறோம். நான் அதன் செயலாளர். செயலாளர் என்றால் நாற்காலி தூக்குகிறவன் என்று அர்த்தம். நவம்பரில் இலை சிவக்கும்போது எங்கள் பேட்டைச் சமூகக் கூடத்தில் மூன்று நாள் கண்காட்சி நடத்துவோம். கூடம் சின்னது. பன்னிரண்டு மரத்துக்குத்தான் இடம்.

எந்தப் பன்னிரண்டு என்பதைச் சொல்கிறவர் தலைவரம்மா அகுத்சு சேத்சு. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் அறுநூறு பிள்ளைகளுக்குச் சோறு பொங்கியவர். அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறு நாங்கள் மரங்களைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் வரிசையாக வைப்போம். அவர் பேசாமல் ஒரு சுற்று வருவார். தேறிய மரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். தேறாத மரத்தின் சொந்தக்காரர் கையில் ஒரு பொட்டலம் அரிசி பிஸ்கட் கொடுப்பார், வீட்டுக்குப் போய் டீயோடு சாப்பிட்டு மனதைத் தேற்றிக்கொள்ள. இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். பிஸ்கட் பொட்டலத்தோடு தெருவில் நடந்துபோவதைப் போல அவமானம் எங்கள் ஊரில் வேறு இல்லை.

மேஸ்திரியின் மேப்பிள் ஒரு பழைய வீட்டை இடித்த இடத்தில் கிடைத்தது. கூரைத் தண்ணீர் விழுகிற கால்வாயில் பென்சில் மாதிரி நேராக முளைத்து நின்றதாம். அந்த நேர்த்தியைப் பார்த்து மயங்கிவிட்டார். கொண்டுவந்து கொல்லையில் நட்டார். மற்றவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், உரம் போடுவார்கள். இவர் அதோடு நிற்கவில்லை. ஞாயிறு தவறாமல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அரிசி அளவு சாய்ந்தாலும் மூங்கில் கட்டி இழுத்தார். இப்படிப் பன்னிரண்டு வருஷம். பிறகு தோண்டியெடுத்துத் தொட்டியில் வைத்துத் தன் அறுபத்து மூன்றாவது வயதில் முதல் தடவையாகத் தலைவரம்மா முன்னால் கொண்டுவந்தார். அன்றைக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்.

தலைவரம்மா ஒரு சுற்று வந்து அந்த மரத்தின் முன்னால் நின்றார்.

"மேஸ்திரி, இது என்ன?"

"மேப்பிள்."

"அது இலையைப் பார்த்தா தெரியுது. இலைக்குக் கீழ இருக்கிறது என்ன? எந்த வீடு கட்டின மிச்சம்?"

"நேரா இருக்குங்கம்மா."

"தூணும்தான் நேரா இருக்கு. அது மேல ஓடு போடலாம், காட்சிக்கு வைக்க முடியுமா?" தலைவரம்மா தண்டின் அடியை விரல்களால் வளைத்துப் பிடித்தார். அப்படியே கையை மேலே ஏற்றினார். விரல் இறுக்கவும் இல்லை, தளரவும் இல்லை. "அடியும் இதே பருமன், நுனியும் இதே பருமன். நேரா நிக்கிற மரத்துக்கு ஒரே ஒரு அழகுதான் உண்டு. அடி பெருத்து, மேல போகப் போக ஒடுங்கணும். வளைஞ்ச மரமாவது வளைவைக் காட்டிப் பிழைச்சுக்கும். இது எதைக் காட்டிப் பிழைக்கும்?"

மேஸ்திரி தொட்டியை விரலால் தள்ளி வரிசையோடு நேராக்கினார்.

"கீழ்க்கிளை இருந்திருந்தா அடி பெருத்திருக்கும். கீழ்க்கிளையெல்லாம் எங்க போச்சு?"

"கிள்ளிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"மொட்டு விட்டதுமே கிள்ளிடுவேன். விட்டா முடிச்சு விழும்ல?"

கார் ஷெட்டே சிரித்தது. நானும்தான், பொய் சொல்வானேன். பலகையில் முடிச்சு விழுந்தால் தச்சனுக்கு ஆகாது. அதற்காகப் போன்சாயில் கிளையைக் கிள்ளிய மனிதரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு மரத்தைப் பலகைக்கடைக்குத் தயார் செய்திருக்கிறார்.

தலைவரம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக்கட்டி எடுத்து, மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டில் கோடு கிழித்தார். "இங்க வெட்டுங்க. கீழயிருந்து ஒரு புதுக் கிளை கிளம்பும். அதை நிமிர்த்தித் தண்டாக்குங்க. அது பருத்ததும் அதையும் வெட்டுங்க. அதுக்கு மேல இன்னொண்ணு. அப்பத்தான் படிப்படியா ஒடுங்கும். பன்னிரண்டு வருஷம் ஆகும்." அதோடு பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் வைத்தார்.

மேஸ்திரி மரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். வெட்டவில்லை. அடுத்த வருஷமும் கொண்டுவந்தார், அதே சுண்ணாம்புக் கோட்டோடு. பிஸ்கட்டோடு திரும்பினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கண்காட்சியில் மரங்கள் ஏறி நிற்கிற பன்னிரண்டு மேசைகளும் அவர் செய்தவை. ஒவ்வொரு மரத்துக்கும் அளவெடுத்து, அதற்கேற்ற காலும் பலகையும் வைத்து இழைத்தவை. காசு வாங்கமாட்டார். கண்காட்சிக்கு முதல்நாள் தானே தூக்கிவந்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கால்களுக்கு அடியில் தாள் மடித்து வைத்துச் சமன்செய்துவிட்டுப் போவார். மறுநாள் எங்கள் மரங்கள் அவற்றின் மேல் நிற்கும். அவர் மரம் வீட்டில் நிற்கும். ஒருநாள் என் கடையில் ஒரு கோப்பை சாக்கே உள்ளே போனதும் அவரே சொன்னார்:

"கமியமா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நான் செஞ்ச ஒரு மேசை மேல என் மரம் ஒரு தடவை ஏறணும். ஒரே தடவை போதும்."

"அப்ப வெட்டுங்கண்ணே."

"பன்னிரண்டு வருஷம்டா. எனக்கு எழுபத்தேழு ஆயிரும்."

"வெட்டலைன்னா மட்டும் எழுபத்தேழு ஆகாதா?"

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கோபம் என்று நினைத்தேன். அது ஜனவரி. பிப்ரவரி கடைசியில் கடைக்கு வந்து சின்னப் புட்டி சாக்கே ஒன்று கேட்டார். எதற்கு என்றேன். "தெளிக்க" என்றார்.

வீடு கட்ட மனை போடும்போதும் உச்சிக் கட்டை ஏற்றும்போதும் தச்சர்கள் உப்பும் சாக்கேயும் தெளிப்பார்கள். அன்றைக்கு மேஸ்திரி வேலைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, கொல்லையில் அந்தத் தொட்டியின் நாலு மூலைக்கும் உப்பு வைத்து, சாக்கே தெளித்து, கைதட்டி வணங்கினார். பக்கத்தில் அவர் மனைவி மினெகோ அக்கா, கூடையில் துவைத்த துணியோடு நின்று பார்த்தார். "எனக்குப் பிரசவ வலி வந்தப்ப இவரு வேலையை முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லியனுப்பின ஆளு, தம்பி" என்றார் என்னிடம். ரம்பத்தை மூன்று நாள் தீட்டியிருந்தார் மேஸ்திரி. நெற்றியில் வேர்வை. குளிர் என்றால் அப்படிக் குளிர், ஆனாலும் வேர்வை. கண்ணை மூடிக்கொண்டு அறுக்கிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம். சுண்ணாம்புக் கோட்டில் ரம்பம் புகுந்து வெளியே வந்தது. பன்னிரண்டு வருஷ நேர்த்தி புல்லில் விழுந்தது.

தலைவரம்மா வந்து சேரும்போது அவர் வெட்டிய முகத்தை உளியால் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி நடுவில் அசையாமல் நின்றது.

"இது என்ன, டீ மேசையா?" என்றார் தலைவரம்மா. "மழைத் தண்ணி மேல நின்னு அழுகிப்போகும். சரிச்சு வெட்டுங்க."

"சரிச்சா?"

"ஆமா. கோணலா."

அவர் தலைவரம்மாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் காப்பாற்றவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓனுகி தெய்சோ வேண்டுமென்றே கோணலாக ஒரு வெட்டு வெட்டினார். காயத்துக்குப் பசை பூசிவிட்டு நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேதனை. எங்கும் கீழ்மொட்டு இல்லை; எல்லாவற்றையும் அவரே கிள்ளியிருந்தார். இனி தண்டில் வளையம் வளையமாகத் தெரிகிற பழைய கணுக்களில் தூங்குகிற மொட்டு எழுந்தால்தான் உண்டு. எழுந்தால் மரம். எழாவிட்டால் ஒரு சாண் விறகு. ஏப்ரல் வந்தது. ஊரில் எல்லா மேப்பிளும் இலை விட்டது. குப்பைக் கூடைக்குப் பின்னால் யாரும் நடாமல் முளைத்த மேப்பிள்கூட விட்டது. இவருடையது மொட்டைக் கட்டையாக நின்றது. காலையில் பூதக்கண்ணாடியோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டார். நிரா கீரை போட்ட சோபா நூடுல்ஸ் என்றால் இரண்டு தட்டு சாப்பிடுகிறவர் அரைத் தட்டை மிச்சம் வைத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மரத்தின் மேலா, அவர் மேலா, தலைவரம்மா மேலா என்று தெரியவில்லை. மூன்று பேர் மேலும்தான்.

"அண்ணே, செத்துப்போச்சுன்னா வேற நாத்து நூறு கிடைக்கும்" என்றேன் ஒருநாள்.

"நீ வேற பொண்டாட்டி கிடைப்பான்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார்.

உள்ளே இருந்து மினெகோ அக்கா குரல் கொடுத்தார்: "கிடைச்சா சொல்லுங்க தம்பி, வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வேணும்."

மே பதினாலாம் தேதி காலை ஐந்தரைக்கு ஃபோன் அடித்தது. "செகப்பா ஒண்ணு தெரியுது" என்றார் மேஸ்திரி. தூங்கின உடுப்போடு சைக்கிளில் போனேன். வெட்டுக்கு ஒரு விரல் கீழே, எள்ளைவிடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளி. அவர் பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார், குழந்தையைக் காட்டுகிற தகப்பன் மாதிரி. அந்த வாரத்துக்குள் சுற்றிலும் ஏழு புள்ளி. மரம் பிழைத்துவிட்டது. அன்றைக்கு அவர் வீட்டில் காலை ஏழு மணிக்கே சாக்கே ஊற்றினார்கள். நான் குடித்தேன், மறுக்கவில்லை.

தலைவரம்மா வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கட்டளை போட்டார்: "கை வைக்காதீங்க. மேல உள்ளதை மட்டும் நிமிர்த்திக் கட்டுங்க, அதுதான் புதுத் தண்டு. கீழ உள்ளதெல்லாம் இஷ்டத்துக்கு ஓடட்டும். அது ஓடினாத்தான் அடி பெருக்கும்."

கை வைக்காமல் இருப்பதுதான் அவருக்கு வெட்டுவதைவிடக் கஷ்டம். கீழ்க்கிளைகள் கண்ட கண்ட திசையில் நாலடி, ஐந்தடி ஓடின. ஒன்று துணிக்கொடிக்குள் புகுந்தது. ஒன்று தண்ணீர்க் குழாயைக் கட்டிப்பிடித்தது. ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு. மேஸ்திரி அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஆனால் அடி பெருத்தது. வருஷா வருஷம் நவம்பரில் தலைவரம்மா கொல்லைக்கே வந்து விரலால் அளந்து பார்த்தார். அப்படியும் பிஸ்கட் பொட்டலம் தவறவில்லை. வழக்கம் வழக்கம்தான் என்பார்.

மூன்றாவது வருஷம் அக்டோபரில் ஒரு விபத்து நடந்தது. நல்ல வெயில். அந்த மாதிரி நாளில் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் சும்மா இருக்க மாட்டாள். பஞ்சு மெத்தைகளைக் கொடியில் போட்டுப் பிரம்பால் அடித்துத் தூசி போக்குவாள். தெரு முழுக்க மேளச் சத்தம்தான். பதினொரு மணிக்கு மினெகோ அக்கா மூச்சிறைக்க என் கடைக்குள் ஓடிவந்தார். ஏப்ரனுக்குள் எதையோ சுற்றிவைத்திருந்தார்.

"தம்பி, இதை ஒட்ட முடியுமா?"

பிரித்தால் மேப்பிளின் புதுத் தண்டு. மூன்று வருஷமாக மேஸ்திரி கம்பி கட்டி, மூங்கில் கட்டி, நிமிர்த்தி வளர்த்தது. கட்டைவிரல் பருமன். பிரம்படி தவறிப் பட்டு, பாதியில் பிளந்து முறிந்து கையில் வந்துவிட்டது.

"அக்கா, என்ன செஞ்சீங்க!"

"மெத்தையைத்தான் அடிச்சேன். இது நடுவுல வந்து நின்னுச்சு. சாயங்காலம் அவர் வந்தா என்ன சொல்லுவேன்? நாப்பது வருஷக் குடித்தனம் தம்பி, ஒரு நாள்ல போயிடுமே." அழுதுவிட்டார். எப்போதும் வாயடிக்கிற அக்கா அழுததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையைச் சாத்திவிட்டுத் தலைவரம்மாவைக் கூட்டிவந்தேன்.

தலைவரம்மா மிஞ்சியிருந்த தண்டைப் பார்த்தார். குனிந்து விரலை வைத்து அளந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சமையலறை அம்மா சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். "பிப்ரவரியில வந்து வெட்டச் சொல்லலாம்னு இருந்தேன். இதே இடம்தான், அரை விரல் மேல. மினெகோ, உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" முறிவுக்குக் கீழே இரண்டு பக்கமும் மொட்டு உருண்டு நின்றது. பிசிறைச் செதுக்கிப் பசை பூசிவிட்டு, அடுத்த தண்டு இந்தப் பின்பக்க மொட்டு என்று காட்டினார்.

ஆனாலும் மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டுமே. சாயங்காலம் அவர் நிக்கோவில் கோயில் வேலை முடித்து வரும்போது அக்கா வாசலிலேயே தரையில் கைவைத்துக் குனிந்துவிட்டார். அவர் நேராகக் கொல்லைக்குப் போனார். வெட்டைப் பார்த்தார். மொட்டைப் பார்த்தார். நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரம்பு எங்க?" என்றார்.

அக்கா கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதை ஒரு கண்ணை மூடி நுனிவரை பார்த்தார். "கோணியிருக்கு. இதை வெச்சு எப்படிக் குறி பார்த்து அடிப்ப?" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போனார். மறுநாள் அக்காவுக்குப் புதுப் பிரம்பு கிடைத்தது. தெருவிலேயே நேரான பிரம்பு அதுதான்.

பிறகு வருஷங்கள் போன வேகம் தெரியவில்லை. இரண்டாவது தண்டு பருத்து வெட்டப்பட்டது, மூன்றாவது கிளம்பியது. கீழே ஓடிய கிளைகள் வேலை முடிந்ததும் அறுக்கப்பட்டன; காயங்களின் மேல் பட்டை மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. ஜூனில் இலையெல்லாம் கத்தரித்து, மறுபடி சின்ன இலையாக விடவைத்தார். கிளைக்குக் கம்பி சுற்றினார், பட்டையைக் கடிப்பதற்கு முன்னால் அவிழ்த்தார். பிஸ்கட் வந்துகொண்டே இருந்தது. மினெகோ அக்கா அதற்குத் தனி டப்பா வைத்திருந்தார்.

அவருடைய எழுபத்தேழாவது வயதில், நவம்பர் முதல் ஞாயிறு, மரம் மறுபடி கார் ஷெட்டுக்கு வந்தது. இரண்டடி உயரம். அடி முழங்கை போலப் பருத்து, வேர் நாலா பக்கமும் மண்ணைப் பிடித்திருந்தது. மேலே போகப் போக ஒடுங்கி, உச்சியில் தீக்குச்சியாக முடிந்தது. இலை ஓரங்களில் சிவப்பு ஏறியிருந்தது. தலைவரம்மாவுக்கு எண்பத்திரண்டு. தடி ஊன்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். மேப்பிளின் அடியைக் கையால் பிடித்து அப்படியே மேலே ஏற்றினார். விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குவிந்து, உச்சியில் இரண்டு விரல் நகம் மட்டும் ஒட்டி நின்றது. தலையை ஆட்டினார். மேஸ்திரி பிஸ்கட்டுக்காக நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

"கையை எடுங்க மேஸ்திரி, இந்தத் தடவை இல்ல" என்றார் தலைவரம்மா. நாங்கள் பதினாறு பேரும் கைதட்டினோம். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கார் ஷெட்டின் கதவைப் பார்த்து, கீல் இறங்கியிருக்கிறது என்றார்.

கண்காட்சியில் அந்த மரத்துக்கு நடு இடம் கிடைத்தது. சாத்சுகிக்காரர்கள்கூட வந்தார்கள். "அடேயப்பா, மேப்பிள்ல இவ்வளவு நேரா ஒரு மரமா!" என்று வாயைப் பிளந்தார்கள். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. தண்டுக்கு மேல் தண்டாக மாற்றிக் கட்டுகிற மரத்தில் ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் தள்ளத்தான் செய்யும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்காகத்தான் வெட்டை முன்னும் பின்னுமாகத் திருப்பி வைக்கிறோம். பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாத அந்த விஷயம் மேஸ்திரிக்குத் தெரியும். யாராவது நேர் என்று சொன்னால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டுபோய், "இல்லீங்க. நடுத் தண்டு எட்டு மில்லிமீட்டர் பின்னால போயிருக்கு. இங்கருந்து பாருங்க" என்று காட்டினார். முதல் நாள் நாற்பது பேருக்குக் காட்டினார். இரண்டாம் நாள் தூக்குக்குண்டையே கொண்டுவந்துவிட்டார்.

"விருந்துக்குக் கூப்பிட்டுட்டு அடிப்பிடிச்ச பானையைக் காட்டுற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்!" என்று தலைவரம்மா கூடம் அதிரக் கத்தினார். அவர் கேட்டால்தானே. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு அந்த மனிதர் ஒரு நிமிஷம்கூடச் சந்தோஷமாக இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மரம் மேசை மேல் ஏறிவிட்டது, அவர் ஏறவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மினெகோ அக்கா வந்தார். அவர் எங்கள் கண்காட்சிக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. வீட்டில் பார்ப்பது போதாதா என்பார். நல்ல கிமோனோ உடுத்தி, கைப்பையோடு வந்து மரத்துக்கு முன்னால் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு" என்றார்.

"இல்ல. இங்க வா." மேஸ்திரி அவரையும் பக்கத்துக்கு இழுத்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். "பாரு. எட்டு மில்லிமீட்டர்."

அக்கா நூலைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு நூலைப் பிடித்துக் குனிந்து நிற்கிற தன் புருஷனை, கழுத்திலிருந்து இடுப்புவரை, நிதானமாக ஒரு பார்வை பார்த்தார்.

"உங்க முதுகு எவ்வளவு போயிருக்கு தெரியுமா? குளியலறையில தினமும் நான்தான் தேய்ச்சு விடறேன். ஒரு சாண் இருக்கும். யாராவது வீட்டுக்கு வந்தா நான் உங்களைத் திருப்பி நிறுத்தி அதைக் காட்டறேனா?"

நாற்பது வருஷம் உத்தரம் சுமந்த முதுகு அது. எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. மேஸ்திரி மெல்ல நிமிரப் பார்த்தார். முடிந்த அளவுக்கு நிமிர்ந்தார். அக்கா அவர் கையிலிருந்த தூக்குக்குண்டை வாங்கி, நூலைச் சுற்றிக் கைப்பைக்குள் போட்டு மூடினார். தலைவரம்மா ஒரு நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். அவர் அதில் உட்கார்ந்தார், மரத்துக்கு நேர் முன்னால். நான் நாற்காலி அடுக்குகிற சாக்கில் திரைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்கு நிக்கோவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மரத்துக்கு முன்னால் நின்று, "எவ்வளவு நேரா நிக்குது!" என்றார். நாங்கள் எல்லோரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தோம். மேஸ்திரி நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தார். அந்த எட்டு மில்லிமீட்டர் தெரிகிற இடது பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "நேரான மரம்தான்."